முதுநிலை மேலாண்மைக் கல்வியில் பகுதிநேர ஆசிரியர்கள்: தண்டலம் பகுதியை முன்வைத்து

முதுநிலை வணிக மேலாண்மைப் படிப்பில், அதாவது எம்.பி.ஏ. வகுப்புகளில், ஒரு பாடத்தை மட்டும் நடத்துவதற்காக வேறிடத்தில் முதன்மைப் பணி உடைய ஒருவரையோ, பணி ஓய்வு பெற்ற ஒருவரையோ கல்லூரி அமர்த்திக்கொள்வது பகுதிநேர ஆசிரியர் நியமனம் எனப்படும். இவர்களை வருகைதரு ஆசிரியர், விருந்தினர் விரிவுரையாளர், இணைவுப் பேராசிரியர் என்று பல பெயர்களில் குறிப்பிடுகிறார்கள். தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் தொகுப்பூதியத்தில் பணியாற்றும் கௌரவ விரிவுரையாளர்கள் வேறு வகையினர். அவர்களுக்கு அதுவே வாழ்வாதாரம். பணிநிரந்தரம் கேட்டுப் போராடுபவர்கள். இங்கு பேசப்படுபவர், பகலில் தொழிற்சாலையில் மேலாளராக இருந்துவிட்டு வாரத்தில் ஒருநாள் வகுப்பெடுக்க வரும் மனிதர். ஆனால் இந்த இரு வகையினருக்கும் இடையிலுள்ள கோடு பல கல்லூரிகளில் மங்கலாகவே இருக்கிறது. சிக்கல்கள் பலவும் தொடங்குவது அங்குதான்.

ஆண்டுக்கொருமுறை கருத்தரங்கக் கூடத்தில் ஒரு மணி நேரம் பேசி, பொன்னாடையும் நினைவுப் பரிசும் பெற்றுச் செல்லும் சிறப்புச் சொற்பொழிவாளரும் பகுதிநேர ஆசிரியர் அல்லர். பாடத்திட்டம், வருகைப் பதிவு, அகமதிப்பீடு, வினாத்தாள் ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்பவரே ஆசிரியர். இந்த வேறுபாட்டைக் கவனத்தில் கொள்ளாமல், பத்துச் சொற்பொழிவாளர்களை அழைத்துவிட்டுத் தொழில்துறை இணைப்பு வலுவாக இருப்பதாக விளம்பரம் செய்வது எளிது.

தண்டலமும் அதன் சுற்றுப்புறமும்

தண்டலம் என்ற பெயரில் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உண்டு. இக்கட்டுரை குறிப்பது, காஞ்சிபுரம் மாவட்டத்தில் சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டி திருப்பெரும்புதூருக்குச் செல்லும் வழியில் உள்ள தண்டலத்தை. இங்கு 1997இல் தொடங்கப்பட்ட இராஜலட்சுமி பொறியியல் கல்லூரியும் 2001இல் தொடங்கப்பட்ட சவீதா பொறியியல் கல்லூரியும் உள்ளன. இரண்டிலும் பொறியியலோடு எம்.பி.ஏ. படிப்பும் உண்டு.

சாலையில் மேலும் சில கிலோமீட்டர் சென்றால் இருங்காட்டுக்கோட்டை சிப்காட் தொழிற்பூங்கா. அங்கு ஹூண்டாய் கார் தொழிற்சாலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பின்னாலேயே உதிரிபாக நிறுவனங்கள் வரிசையாக வந்து சேர்ந்தன. திருப்பெரும்புதூரில் நோக்கியா 2006இலும், சாம்சங் அதற்கடுத்த ஆண்டிலும் தொழிற்சாலை திறந்தன. தெற்கே ஒரகடத்தில் ரெனோ–நிசான் 2010இலும், பாரத்பென்ஸ் சரக்குந்துகளைத் தயாரிக்கும் டைம்லர் 2012இலும், ராயல் என்பீல்டு 2013இலும் வந்தன. வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம், மாம்பாக்கம் எனச் சிப்காட் பூங்காக்கள் பிறகு விரிந்துகொண்டே போயின.

ஆக, உற்பத்தி மேலாண்மையும் விநியோகச் சங்கிலியும் பாடநூலில் படிக்கப்படும் வகுப்பறைக்கு அரைமணிப் பயணத்தில், அவற்றையே நாள்தோறும் செய்துகொண்டிருக்கும் மேலாளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். உலகில் மிகச் சில மேலாண்மைக் கல்லூரிகளுக்கே இப்படி ஓர் அக்கம்பக்கம் வாய்த்திருக்கிறது. இருந்தும் ஆலை மேலாளரை வகுப்பறைக்குக் கொண்டுவருவது இங்கு எளிதாக இல்லை.

பழைய வழக்கு

வணிகக் கல்வியில் தொழில் தெரிந்தவரா, ஆய்வு தெரிந்தவரா என்ற வழக்கு நூறாண்டுப் பழையது. 1908இல் தொடங்கிய ஹார்வர்டு வணிகப் பள்ளியின் முதல் ஆண்டுகளில், அறிவியல்முறை மேலாண்மையின் தந்தை எனப்படும் பிரெடரிக் டெய்லர் விரிவுரையாற்ற வந்துபோனார். ஆர்ச் ஷா என்ற பதிப்பாளர் அங்கு வணிகக் கொள்கைப் பாடத்தை நடத்தினார். தொழிலதிபர்களையே வகுப்புக்கு வரவழைத்து, தங்கள் நிறுவனத்தில் தீராத ஒரு சிக்கலை மாணவர்முன் வைக்கச் சொன்னார். பிற்காலத்தில் அந்தப் பள்ளிக்குப் பெயர் வாங்கித் தந்த நிகழ்வாய்வு முறைக்கு அது ஒரு முன்னோடி.

பின்னர் அமெரிக்காவில் வணிகப் பள்ளிகள் பெருகின, தரம் தேய்ந்தது. 1959இல் போர்டு அறக்கட்டளைக்காக கார்டனும் ஹோவலும், கார்னகி நிறுவனத்துக்காகப் பியர்சனும் எழுதிய இரு அறிக்கைகள் அந்தத் தேய்வைக் கடுமையாகச் சாடின. கற்பிப்போரின் புலமை போதாது, ஆய்வு இல்லை, தொழில் அனுபவக் கதைகளே பாடமாகிவிட்டன என்பது குற்றச்சாட்டின் சாரம். அதன் பிறகு முனைவர் பட்டமும் ஆய்வுக் கட்டுரையும் ஆசிரியருக்கு அடிப்படைத் தகுதிகளாயின. இந்தியாவில் 1961இல் அகமதாபாத்திலும் கொல்கத்தாவிலும் ஐ.ஐ.எம்.கள் தொடங்கியபோது, போர்டு அறக்கட்டளையின் உதவியோடுதான் முதலாவதற்கு ஹார்வர்டும் இரண்டாவதற்கு எம்.ஐ.டி.யும் துணைநின்றன. எனவே முழுநேர ஆய்வாளரே ஆசிரியர் என்ற மரபு இங்கும் தொடக்கத்திலேயே வந்துவிட்டது.

எதிர்த்திசையிலும் முயற்சிகள் நடந்தன. 2001இல் ஐதராபாத்தில் தொடங்கிய இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ், வெளிநாட்டுப் பேராசிரியர்கள் சில வாரங்கள் வந்து தங்கி ஒரு பாடத்தை முடித்துச் செல்லும் முறையில் ஓடியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் பிறந்து அமெரிக்காவின் கெல்லாக் பள்ளியில் பேராசிரியராக இருந்த பாலா பாலச்சந்திரன், 2004இல் சென்னையில் கிரேட் லேக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோதும் வருகைதரு பேராசிரியர்களைப் பெரிதும் நம்பியே தொடங்கினார். சென்னை லயோலா வளாகத்தில் 1979 முதல் இயங்கும் லிபா, பணியில் இருப்போருக்கான பகுதிநேர மேலாண்மைப் படிப்பை நீண்டகாலமாக நடத்திவருகிறது. அங்கு மாணவரே மேலாளராக இருப்பதால், ஆசிரியர் சொல்லும் அனுபவம் மெய்யா மிகையா என்பதை வகுப்பே எடைபோட்டுவிடும். தண்டலத்து எம்.பி.ஏ. வகுப்பில் பெரும்பாலும் இருப்பவர் இளநிலைப் பட்டம் முடித்த கையோடு டான்செட் எழுதிவிட்டு வந்த இருபத்திரண்டு வயதுக்காரர். அவரால் அப்படி எடைபோட முடியாது.

விதிகள் சொல்வது

மேலாண்மைப் படிப்புகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. எனப்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு வைத்துள்ள ஆசிரியர்–மாணவர் விகிதம் 1:20. ஆண்டுக்கு 60 இடங்கள் கொண்ட ஒரு துறையில் ஈராண்டுக்கும் சேர்த்து 120 மாணவர். எனவே ஆறு ஆசிரியர்கள் வேண்டும். இவர்களில் ஐந்தில் நான்கு பங்கினராவது முழுநேரத்தவராக இருக்க வேண்டும், எஞ்சிய பங்கில்தான் தொழில்துறையினரைக் கணக்கில் சேர்க்கலாம் என்பது அக்குழுவின் கையேடுகள் கூறிவந்த அளவு. ஆறில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் ஒருவர். அதாவது ஒரு சிறிய துறையில் விதிப்படி கணக்கில் வரக்கூடிய பகுதிநேரத்தவர் ஒருவரே. அதற்குமேல் எத்தனை மேலாளர்களை அழைத்தாலும் அது கல்லூரியின் சொந்தச் செலவு. ஆய்வுக்குழு எண்ணும் தலைகளில் அவர்கள் சேரமாட்டார்கள்.

மேலாண்மைத் துறையில் உதவிப் பேராசிரியராவதற்கு முதுநிலைப் பட்டத்தோடு இரண்டாண்டுப் பணி அனுபவமும் வேண்டும் என்று ஏ.ஐ.சி.டி.இ.யின் 2019ஆம் ஆண்டு ஒழுங்குமுறை கூறுகிறது. இது நல்ல விதி. பொறியியல் ஆசிரியருக்கு இல்லாத நிபந்தனை இது. ஆனால் இரண்டாண்டு அனுபவம் எங்கு, எந்தப் பொறுப்பில் என்பதைப் பொறுத்தே அதன் பயன் இருக்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் ‘புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்’ என்ற புதிய பதவிக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தமிழில் இதனைத் துறை அனுபவப் பேராசிரியர் எனலாம். தம் துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் உள்ளவரை, முனைவர் பட்டம் உள்ளிட்ட கல்வித் தகுதி எதையும் வலியுறுத்தாமல், முதலில் ஓராண்டு வரை அமர்த்தலாம். பொதுவாக மூன்று ஆண்டுக்கும், விதிவிலக்காக நான்கு ஆண்டுக்கும் மேல் போகக்கூடாது. ஊதியத்தைத் தொழில் நிறுவனமே தரலாம், கல்லூரி தரலாம், அல்லது ஊதியமின்றியும் பணியாற்றலாம். ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவரோ ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவரோ இந்தப் பதவிக்கு வர முடியாது. ஒரு நிறுவனத்தின் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் இவர்கள் இருக்கலாகாது. இந்த 10 விழுக்காடு நிறுவனம் முழுமைக்குமானது என்பதால், 200 ஆசிரியர் உள்ள கல்லூரி நினைத்தால் இருபது இடங்களில் நான்கைந்தை மேலாண்மைத் துறைக்கே கொடுக்கலாம்.

15 ஆண்டு என்ற வரம்பு விவாதத்துக்குரியது. திருப்பெரும்புதூர் ஆலைகளில் புதிய தானியங்கி வரிசையை நிறுவியவர், மின்வாகன மின்கலக் கொள்முதலைக் கவனிப்பவர் ஆகியோரில் பலர் முப்பதுகளில் இருப்பவர்கள். மாணவருக்கு வயதிலும் மொழியிலும் அண்மையானவர்களும் அவர்களே. விதி அவர்களை ஒதுக்கி, ஓய்வுக்கு அருகில் இருப்பவரை முன்னே நிறுத்துகிறது.

தாளில் மட்டும் இருக்கும் முழுநேரம்

2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்ட ஆவணங்கள் தமிழ்நாட்டு உயர்கல்வியில் பெரும் பரபரப்பை உண்டாக்கின. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளில் 353 பேர், ஒரே கல்வியாண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டிருந்தார்கள் என்றும், 224 கல்லூரிகள் இதில் தொடர்புடையவை என்றும் அவ்வியக்கம் கூறியது. ஒருவர் பெயர் பதினொரு கல்லூரிகளில் இருந்தது. பல்கலைக்கழகமும் முறைகேடு நடந்ததை மறுக்கவில்லை. ஒரே ஆள் பல இடங்களில் கணக்குக் காட்டப்பட்டதை அதன் துணைவேந்தரே உறுதிப்படுத்தினார்.

அது பொறியியல் ஆசிரியர் பற்றிய விவகாரம் என்றாலும் பகுதிநேர நியமனத்தைப் புரிந்துகொள்ள அது உதவுகிறது. இணைப்பு ஆய்வு தலைகளை எண்ணுகிறது. முழுநேரத் தலைகளுக்கே மதிப்பு. சேர்க்கை குறைந்த கல்லூரியால் அத்தனை பேருக்கும் ஊதியம் தர இயலவில்லை. அப்போது உண்மையில் பகுதிநேரமாகக்கூட வராத ஒருவரை முழுநேரமாகக் காட்டும் வழி திறந்துகொள்கிறது. வெளிப்படையாக, நேரக்கணக்கில், பெயரும் பணியிடமும் அறிவித்து அமர்த்தப்படும் பகுதிநேர ஆசிரியருக்கு விதியில் இடம் குறைவு; வராமலேயே பட்டியலில் இருப்பவருக்கோ, பிடிபடும்வரை, இடம் இருந்தது. பாதிக்கப்பட்டவர் கட்டணம் கட்டிய மாணவர். வேலை கிடைக்காமல் நின்ற முனைவர் பட்டதாரியும்தான்.

ஊதியக் கணக்கு

அரசு சார்ந்த நிறுவனங்களில் விருந்தினர் ஆசிரியருக்குப் பாடவேளைக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு உச்சமாக 50,000 ரூபாய் என்று மானியக் குழு 2019 சனவரியில் நிர்ணயித்தது. அதற்கு முன்பு 1,000 ரூபாயும் 25,000 ரூபாயுமாக இருந்தது. தனியார் சுயநிதிக் கல்லூரிகளை இது நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. அவை தங்களுக்குள் ஒரு விகிதம் வைத்துக்கொள்கின்றன. எனினும் கணக்குப் போட்டுப் பார்க்க இந்த எண் பயன்படும்.

அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் மூன்று மதிப்பலகுப் பாடம் ஒன்றுக்கு ஐந்து அலகுகள், அலகுக்கு ஒன்பது வேளைகள், ஆக 45 பாடவேளைகள். 1,500 ரூபாய் வீதம் 67,500 ரூபாய். கேட்பதற்கு நல்ல தொகைதான். ஒரு பாடத்தை முதன்முறையாக நடத்துபவர், வேளை ஒன்றுக்கு இரண்டு மணி நேரமாவது தயாரிப்புக்குச் செலவிட வேண்டியிருக்கும்: 90 மணி. வாரம் ஒருமுறையாகப் பதினைந்து பயணங்கள், போக வர இரண்டு மணி என்றால் 30 மணி. அறுபது பேரின் அகமதிப்பீட்டுத் தாள்களும் ஒப்படைப்புகளும் திருத்த 20 மணி. எல்லாம் சேர்த்து 185 மணி. மணிக்கு ஏறத்தாழ 365 ரூபாய். மேலாளர் தம் ஆலையில் பெறும் ஊதியத்தோடு ஒப்பிட்டால் இது சிறுதொகை. ஆகவே அவர் பணத்துக்காக வருவதில்லை. கற்பிக்கும் ஆசை, கல்லூரியின் பெயர், நாளை தம் நிறுவனத்துக்கு ஆளெடுக்க வசதி, பிற்காலத்தில் முனைவர் பட்டம் செய்யும் எண்ணம் என்று ஏதோ ஒன்று அவரை அழைத்துவருகிறது. அது என்னவென்று தெரிந்துகொள்ளாமல் அழைக்கும் துறைத்தலைவருக்கு, இரண்டாம் மாதத்தில் அவர் ஏன் வரவில்லை என்பதும் தெரியாமல் போகும்.

அதே கணக்கு, வகுப்பெடுப்பதையே நம்பி வாழும் விருந்தினர் விரிவுரையாளருக்கு வேறுவிதமாகத் திரும்புகிறது. 1,500 ரூபாய் வீதம் 33 வேளைகளை எட்டியதும் மாத உச்சவரம்பு வந்துவிடுகிறது. உதவிப் பேராசிரியரின் வாரப் பணிச்சுமை 16 மணி, மாதம் 64. அந்த முழுச்சுமையையும் விருந்தினர் ஆசிரியர் சுமந்தால், வகுப்புகளில் ஏறத்தாழ முதல் பாதிக்கே ஊதியம், மீதி இலவசம். நிலையான உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியமே 57,700 ரூபாய், அகவிலைப்படி தனி. ஒரே விதி, ஆலை மேலாளருக்குக் கௌரவமாகவும் வேலை தேடும் பட்டதாரிக்குப் பொறியாகவும் இருப்பது இப்படித்தான். பகுதிநேர நியமனத்தைப் பொதுவாக ஆதரிப்பதும் பொதுவாக எதிர்ப்பதும் இதனாலேயே பொருளற்றவை. யாரை, எதற்குப் பதிலாக என்று கேட்க வேண்டும்.

எந்தப் பாடத்துக்கு யார்

எம்.பி.ஏ.யின் முதல் பருவத்தில் புள்ளியியல், மேலாண்மைப் பொருளியல், கணக்கியல், நிறுவன நடத்தை போன்ற அடிப்படைகள் வருகின்றன. இவை ஆலை மேலாளருக்கு உகந்த இடம் அல்ல. மாணவர் வகுப்புக்கு வெளியே திரும்பத் திரும்ப ஐயம் கேட்க வேண்டிய பாடங்கள் இவை. ஆசிரியர் மறுநாளும் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும். மூன்றாம் பருவ விருப்பப் பாடங்களில்தான் பகுதிநேரத்தவரின் வலிமை வெளிப்படும். விநியோகச் சங்கிலி, தர மேலாண்மை, தளவாடம், தொழிலுறவு, கொள்முதல் ஆகியவற்றை இந்த வட்டாரத்தில் நடத்த வெளியூர் போக வேண்டியதில்லை.

மொழியும் ஒரு காரணம். தேர்வு ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது, பாடநூலும் ஆங்கிலம். தமிழ்வழியில் பள்ளி முடித்து வந்த மாணவருக்கு ‘கான்பன்’ என்பது மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரு ஜப்பானியச் சொல். உதிரிபாக ஆலையில் வேலைபார்ப்பவர், ‘பெட்டி காலியானால்தான் அடுத்த பெட்டிக்கு அட்டை போகும், அட்டை வராமல் ஒரு துண்டுகூடச் செய்யக்கூடாது’ என்று சொல்லி, லைன் நின்றுபோனால் யார் யாருக்குத் தொலைபேசி போகும் என்பதையும் சொன்னால் பாடம் மனத்தில் இறங்கிவிடும். தளத்துத் தமிழ் என்று ஒன்று உண்டு. பாதி ஆங்கிலமும் சில ஜப்பானிய, கொரியச் சொற்களும் கலந்தது. அது தெரிந்த ஆசிரியர் முழுநேரத்தவரில் குறைவு.

நோக்கியாவின் கதை, விநியோகச் சங்கிலி வகுப்புக்கென்றே இந்தச் சாலையில் நடந்தது போன்றது. 2006இல் திறக்கப்பட்டு, உலகின் மிகப்பெரிய கைப்பேசி ஆலைகளுள் ஒன்றாக வளர்ந்து, வரிவழக்கில் சிக்கி, மைக்ரோசாப்ட் நிறுவனம் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை வாங்கியபோது அந்த விற்பனையில் சேர்க்கப்படாமல் ஒதுக்கப்பட்டு, 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றுபோன ஆலை அது. அதை நம்பி வந்திருந்த பாக்ஸ்கானின் அங்குள்ள பிரிவும் அதே ஆண்டு டிசம்பரில் மூடப்பட்டது. ஒரே வாடிக்கையாளரை நம்பும் வழங்குநருக்கு நேரும் அபாயம் என்று பாடநூலில் ஒரு பத்தியாக இருப்பதை, அந்த நாட்களில் அங்கு கொள்முதலிலோ மனிதவளத்திலோ இருந்த ஒருவர் வந்து ஒரு பருவம் முழுக்க நடத்தலாம். அப்படிப்பட்டவர்கள் இன்றும் இந்த வட்டாரத்து ஆலைகளில் வேலை செய்கிறார்கள்.

அனுபவத்துக்கு ஒரு பக்கச் சாய்வும் உண்டு. தொழிலுறவுப் பாடம் இதற்குச் சான்று. 2024 செப்டம்பர் 9 அன்று திருப்பெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கோரித் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. அக்டோபர் நடுவில் முடிந்தது. 2025 சனவரியில் சங்கம் பதிவுபெற்றது. தண்டலத்து எம்.பி.ஏ. மாணவருக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு பாடம் கிடைக்காது. ஆனால் அதை நடத்த அழைக்கப்படுபவர் எப்போதும் ஒரு மனிதவள மேலாளரே. அவர் பணிபுரியும் நிறுவனத்தின் கட்டுப்பாடு அவர் நாவில் இருக்கும். தம் ஆலையில் நாளை அதுவே நடக்கலாம் என்ற அச்சமும் இருக்கும். தொழிற்சங்கத் தலைவரையோ தொழிலாளர் நலத்துறையில் சமரச அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவரையோ பகுதிநேர ஆசிரியராக அழைக்கும் வழக்கம் மேலாண்மைக் கல்லூரிகளில் அரிது. விதி எதுவும் தடுக்கவில்லை. தடுப்பது பழக்கம்.

நியமனம் நடைபெறும் முறை

பெரும்பாலும் இது முன்னாள் மாணவர் ஒருவருக்குப் போகும் தொலைபேசி அழைப்பில் தொடங்குகிறது. 1956 முதல் இயங்கும் மெட்ராஸ் மேலாண்மைச் சங்கம் போன்ற அமைப்புகளின் கூட்டங்களில் அறிமுகமானவர்கள் இரண்டாவது வழி. விளம்பரம் செய்து ஆளெடுப்பது குறைவு. கல்லூரி ஒரு மாதிரி வகுப்பைக் கேட்கலாம், கேட்பதே நல்லது. கூட்டங்களில் நன்றாகப் பேசுபவர் 45 வேளை தாங்குவார் என்பதற்கு உறுதி இல்லை. முதல் நான்கு வாரத்தில் அனுபவம் முழுவதையும் சொல்லி முடித்துவிட்டு, ஐந்தாம் வாரம் திரைக்காட்சித் துண்டுகளைப் படித்துக்காட்டத் தொடங்குபவர்கள் உண்டு.

மேலாளரின் பக்கத்திலிருந்து முதல் தடை அவருடைய பணி ஒப்பந்தம். வேறிடத்தில் ஊதியம் பெறும் பணி செய்யக்கூடாது என்ற விதி தனியார் நிறுவன நியமன ஆணைகளில் வழக்கமாகக் காணப்படுவது. எழுத்துபூர்வமான அனுமதி வாங்காமல் வாய்மொழிச் சம்மதத்தில் வகுப்பெடுக்க வந்தவர், மேலதிகாரி மாறியதும் நடுப்பருவத்தில் நிறுத்த நேரிடும். இரகசியக் காப்பு அடுத்தது. வழங்குநர் விலை, உற்பத்தி எண்ணிக்கை, இன்னும் வெளிவராத மாதிரி ஆகியவற்றைச் சொல்ல முடியாது. ஆலைக்குள் படமெடுக்கவே பல இடங்களில் தடை. கெட்டிக்கார ஆசிரியர் எண்களை மாற்றி, பெயரை நீக்கி, முடிவெடுக்கும் சிக்கலை மட்டும் கொண்டுவருவார். அதற்குத் துறையின் முழுநேர ஆசிரியர் ஒருவர் கூட உட்கார்ந்து எழுதித் தர வேண்டும். இந்தக் கூட்டுழைப்பு நடக்கும் இடங்களில்தான் உள்ளூர் நிகழ்வாய்வுகள் உருவாகின்றன. நடக்காத இடங்களில் மாணவர் இன்னமும் அமெரிக்க விமான நிறுவனத்தைப் பற்றியே படிக்கிறார்.

நேரம் மூன்றாவது. மாத இறுதிக் கணக்குமுடிப்பு, வாடிக்கையாளர் தணிக்கை, புதிய மாதிரி அறிமுகம் ஆகிய நாட்களில் மேலாளரால் நகர முடியாது. சனிக்கிழமை பல ஆலைகளுக்கு வேலைநாள். மாலையில் ஆலைப் பேருந்துகளும் சரக்குந்துகளும் சேர்ந்து நெடுஞ்சாலையை அடைத்துக்கொள்ளும்போது, வரைபடத்தில் சிறிதாகத் தெரியும் தொலைவு ஒருமணிப் பயணமாகிவிடும். கல்லூரிப் பேருந்துகளோ நான்கு மணிக்குமுன்பே கிளம்பத் தயாராக நிற்கும். மாணவரில் பெரும்பகுதியினர் அந்தப் பேருந்தை நம்பியவர்கள். ஆகவே மாலை வகுப்பு என்பது விடுதி மாணவருக்கு மட்டும் பயன்படும். காலை முதல் மூன்று வேளைகளைத் தொடர்ச்சியாக ஒரே நாளில் வைப்பதும், ஆலை பராமரிப்புக்காக நிறுத்தப்படும் வாரத்தில் இரண்டு அலகுகளை மொத்தமாக முடிப்பதும் நடைமுறையில் உதவுகின்றன. மூன்று மணி நேரம் தொடர்ந்து பேசினால் மாணவர் தாங்கமாட்டார். நடுவில் கணக்கோ குழுவேலையோ வேண்டும்.

ஊதியம் தரும்போது கல்லூரி வருமான வரியைப் பிடித்தம் செய்யும். தொழில்முறைக் கட்டணத்துக்கான 10 விழுக்காட்டுப் பிடித்தமே வழக்கம். ஆண்டுக்கு 30,000 ரூபாய் என்றிருந்த அதன் வரம்பு 2025 ஏப்ரல் முதல் 50,000 ஆக உயர்ந்தது. ஒரே ஒரு பாடம் எடுப்பவரும் மேற்சொன்ன விகிதத்தில் அந்த வரம்பைத் தாண்டிவிடுவார். நியமனக் கடிதத்தில் ஊதிய விகிதத்தோடு, வகுப்பு ரத்தானால் என்ன, வினாத்தாள் அமைப்பதற்கும் விடைத்தாள் திருத்துவதற்கும் தனி ஊதியம் உண்டா, அவர் உருவாக்கிய பாடப்பொருள் யாருக்குச் சொந்தம் என்பனவும் இருந்தால் பின்னால் மனவருத்தம் வராது. பல கடிதங்களில் இருப்பது தேதியும் வாழ்த்தும் மட்டுமே.

கற்றல் பயன் பற்றிய ஆய்வுகள்

பகுதிநேரத்தவரிடம் படித்தால் மாணவர் குறைவாகக் கற்கிறாரா? அமெரிக்காவில் ஒகையோ மாநிலப் பொதுக் கல்லூரிகளை ஆராய்ந்து பெட்டிஞ்சரும் லாங்கும் 2010இல் வெளியிட்ட கட்டுரை, தொழில் சார்ந்த துறைகளில் இத்தகைய ஆசிரியரிடம் முதற்பாடம் படித்தவர்கள் அத்துறையில் மேலும் பாடங்களை எடுக்க முன்வந்ததைக் காட்டியது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத் தரவுகளைக் கொண்டு பிக்லியோ, ஷபிரோ, சோட்டர் ஆகியோர் 2015இல் எழுதியது, நிரந்தரப் பணிப்பாதையில் இல்லாத ஆசிரியரிடம் தொடக்கப் பாடம் படித்தவர்கள் அடுத்த பாடத்தில் சற்று நன்றாகவே செய்தார்கள் என்றது. இரண்டும் இளநிலை மாணவர் பற்றியவை. இரண்டாவதில் வரும் ஆசிரியர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தோடு நீண்டகாலத் தொடர்புடையவர்கள். ஒரு பருவம் வந்துபோனவர்கள் அல்லர். எனவே தண்டலத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. தொடர்ச்சிதான் இங்கு காரணியாக இருக்கக்கூடும்.

வணிகப் பள்ளிகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஏ.ஏ.சி.எஸ்.பி. என்ற அமைப்பு இந்தச் சிக்கலை வேறொரு கோணத்தில் அணுகுகிறது. ஆசிரியர் முழுநேரமா பகுதிநேரமா என்று அது முதலில் கேட்பதில்லை. பள்ளியின் முடிவுகளிலும் மாணவர் வழிகாட்டலிலும் பங்கெடுப்பவரா, வகுப்பெடுத்துவிட்டுப் போகும் துணையாளரா என்று கேட்கிறது. மொத்தக் கற்பித்தலில் முக்கால் பங்கு பங்கெடுப்பவரால் நடைபெற வேண்டும் என்பது அதன் அளவுகோல். அதோடு, ஆய்வு வழித் தகுதி உடையவர் 40 விழுக்காடாவது இருக்க வேண்டும். தொழில் அனுபவ வழியிலும் ஒருவர் தகுதி பெறலாம், ஆனால் அந்த அனுபவம் பழையதாகிவிடாமல் இருக்க வேண்டும் என்கிறது. ஆலையை விட்டுப் பத்தாண்டு ஆனவரின் அனுபவமும், பத்தாண்டாக ஒன்றும் எழுதாதவரின் முனைவர் பட்டமும் அந்த அளவுகோலில் ஒரே நிலையில்தான் நிற்கின்றன.

மாணவர் கருத்துப்படிவமும் ஒரு சிக்கல்தான். அடுத்த பருவத்தில் மீண்டும் அழைப்பார்களா என்பது அந்தப் படிவத்தைப் பொறுத்தது என்றால், அகமதிப்பீட்டில் தாராளமாக மதிப்பெண் போடும் ஆசை பகுதிநேரத்தவருக்கு எழும். மதிப்பெண் வாங்கித் தருபவருக்கு மாணவர் நல்ல சான்று தருவார். இருவருக்கும் இலாபம். நட்டம், படித்து முடித்த பின் நேர்காணலுக்கு ஒரகடம் போகும்போது தெரியவரும்.

பருவம் முடிந்த பின்

கற்பித்தல் நவம்பரில் முடிந்து, தேர்வு நடந்து, முடிவுகள் வரும்போது பகுதிநேர ஆசிரியரின் ஒப்பந்தம் காலாவதியாகியிருக்கும். தேர்ச்சி பெறாத மாணவர் அந்தப் பாடத்தை அரியராக அடுத்த பருவத்தில் எழுத வேண்டும். அவருக்கு ஐயம் தீர்க்க ஆள் இல்லை. துறையில் மற்றவர்கள் அந்தப் பாடத்தை எடுத்ததில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பரிந்துரைக் கடிதம் கேட்டால், அவரைச் சிறப்பாக அறிந்த ஆசிரியரின் கைப்பேசி எண் மாணவரிடம் இருக்கும். கல்லூரியின் கடிதத்தாளில் கையெழுத்திடும் உரிமை அந்த ஆசிரியரிடம் இருக்காது. சில துறைகள் ஒவ்வொரு பகுதிநேரப் பாடத்துக்கும் முழுநேர ஆசிரியர் ஒருவரை இணைப் பொறுப்பாளராக வைத்து, முதல் வகுப்பிலிருந்தே உடன் அமரச் செய்கின்றன. அந்த மணிநேரங்களை அவருடைய வாரப் பணிச்சுமையில் சேர்க்கும் துறைகளில் இது நடக்கிறது. சேர்க்காத துறைகளில், அவர் பெயர் கால அட்டவணையில் இருக்கும். ஆள் பக்கத்து அறையில் வேறு வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பார்.